பாட்டைப் பூட்டாமல் கேமராவைத் திறக்காதீர்கள்

போன மாதம் மஞ்சக்குப்பத்திலிருந்து இரண்டு தம்பிகள் பஸ் ஏறிப் புதுச்சேரிக்கு வந்து என் எடிட்டிங் மேஜையில் ஒரு ஹார்ட் டிஸ்க்கை வைத்தார்கள். பரிசோதனை மியூசிக் வீடியோ, ஐந்து பேர், நான்கு ஊர், ஒருவரை ஒருவர் நேரில் பார்க்காமலே எடுத்து முடித்தது. "எல்லாம் எடுத்தாச்சுண்ணே, பாட்டோட உதடு மட்டும் ஒட்ட மாட்டேங்குது" என்றார்கள். எந்தப் பாட்டைப் போட்டு எடுத்தீர்கள் என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்த முழியை நான் நன்றாக அறிவேன், ஆறு வருடத்துக்கு முன்னால் அது என் முகத்தில் இருந்தது.

பேட்டரி சார்ஜ் போடுங்கள், லென்ஸைத் துடையுங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. கேமரா ஒரு ஊரில், ஆடுகிறவர் ஒரு ஊரில், பாட்டு இன்னொரு ஊரில் இருக்கும்போது மட்டும் முளைக்கும் தவறுகள் சில இருக்கின்றன. அவற்றில் ஒன்றை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும், அதனால் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

பாட்டு முடிவதற்கு முன் படம் எடுப்பது

ஆறு வருடத்துக்கு முன்னால் நாங்கள் எடுத்த மியூசிக் வீடியோவின் யோசனை நல்ல யோசனைதான். ஒரே பாட்டு, நான்கு வாய். ஒரு வரியின் முதல் பாதியைக் கடலூரில் ஒருவர் வாயசைப்பார், மீதியைக் காரைக்காலில் ஒரு பெண், அடுத்த வரியைப் புதுச்சேரியில் ஒருவர், அதன் கடைசிச் சொல்லை மட்டும் பாரிஸில் இருக்கும் எங்கள் இசையமைப்பாளர். வாய்விட்டு வாய் பாட்டு நகர வேண்டும். வேறு கதையும் இல்லை, உதடு ஒட்டாவிட்டால் வீடியோவே இல்லை.

இசையமைப்பாளர் ஒரு ரஃப் மிக்ஸ், அதாவது பாட்டின் தற்காலிக வடிவம், அனுப்பினார். டெம்போ, அதாவது தாளத்தின் வேகம், 96 பி.பி.எம். (நிமிடத்துக்கு 96 தட்டு), நீளம் சரியாக 4 நிமிடம். நான் உடனே எல்லோருக்கும் அனுப்பி, "இதை வைத்து எடுங்க, மிக்ஸ் மட்டும்தான் மாறும்" என்று சொன்னேன். அதைச் சொன்னது அவர் இல்லை, நான். அவரைக் கேட்கவே இல்லை. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மே மாதம் ஷூட்டிங். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் கட்டிப்போட்டுக் கிடந்தன. அந்த வண்ண வரிசைக்கு நடுவே எங்கள் ஆள் நடந்துகொண்டே பாடுவார். காலை ஆறரை மணி வெயிலில், இப்போது பார்த்தாலும் கண்ணை எடுக்க முடியாத ஷாட்.

ஜூன் கடைசியில் பாரிஸிலிருந்து ஃபைனல் மிக்ஸ் வந்தது. "கொஞ்சம் இழுக்கிற மாதிரி இருந்துச்சு, 98-க்கு ஏத்திட்டேன்" என்று ஒரு வரி. அவ்வளவுதான், இரண்டு பி.பி.எம். கணக்குப் போடுங்கள்: 96-ல் 4 நிமிடம் என்றால் 384 தட்டு. அதே 384 தட்டு 98-ல் 235 விநாடி. பாட்டு 5 விநாடி சுருங்கிவிட்டது. முதல் வரி ஒட்டும், இரண்டாவது சந்தேகமாக இருக்கும், சரணத்துக்குப் போவதற்குள் எல்லோரும் மலையாளப் படத்துக்குத் தமிழ் டப்பிங் பேசுகிற மாதிரி ஆகிவிடும்.

படத்தை 2 சதவீதம் வேகமாக ஓட்டினால் போதாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. விநாடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த சினிமாக்களை ஐரோப்பியத் தொலைக்காட்சிகள் 25-ல், அதாவது 4 சதவீதம் வேகமாக, வருடக்கணக்கில் ஓட்டியிருக்கின்றன, வீட்டில் பார்த்தவர்கள் யாரும் எழுந்து கத்தவில்லை. நானும் அதைத்தான் செய்தேன், டெம்போ ஒட்டிவிட்டது. என்னைக் கொன்றது டெம்போ இல்லை. வேகம் ஏற்றியதால் பாடகி இரண்டு சரணத்தையும் மறுபடி பாடியிருந்தார். சொல் அதேதான், மூச்சு விடும் இடம் வேறு. முன்பு நீட்டிய இடத்தில் இப்போது வெட்டுகிறார், முன்பு வெட்டிய இடத்தில் ஒரு சங்கதி போடுகிறார். எந்த மென்பொருளும் இதைச் சரிசெய்யாது.

தமிழில் வாயசைப்பைக் காட்டிக்கொடுப்பது பகரமும் மகரமும்தான். இரண்டுக்கும் உதடு மூடியே ஆகவேண்டும். "அம்மா" என்று காதில் விழும்போது திரையில் வாய் திறந்திருந்தால் சின்னக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். ழகரம் வாய்க்குள்ளேயே நடக்கிற காரியம், அது தப்பித்துக்கொள்ளும். நான் மூன்று ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு ப-வுக்கும் ம-வுக்கும் ஃபிரேம் ஃபிரேமாகத் துண்டு போட்டு ஒட்டிப் பார்த்தேன். கிடைத்தது ஒரு முகத்தின் வலிப்பு.

சரி, மறுபடி எடுப்போம் என்று முதுநகர் போனால் தடைக்காலம் முடிந்து படகெல்லாம் கடலுக்குப் போய்விட்டது. துறைமுகத்தில் தண்ணீரும் இரண்டு நாயும்தான் இருந்தன. காரைக்கால் பெண்ணுக்கு ஃபோன் போட்டால், பழனிக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு அன்றைக்குத்தான் திரும்பியிருக்கிறார். வேண்டுதலாம். அவரிடம் என்னவென்று கோபித்துக்கொள்வது? கடைசியில் பழைய மிக்ஸையே பாலிஷ் போட்டு வெளியிட்டோம். இசையமைப்பாளர் எட்டு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

நம் சினிமாவில் ஷூட்டிங் ஸ்பாட்டில் பாட்டு ஓட்டும் மெஷினை நாகரா என்பார்கள். அது ஸ்டெஃபான் குடெல்ஸ்கி 1951-ல் சுவிட்சர்லாந்தில் செய்த டேப் ரிக்கார்டரின் பெயர், அவருடைய தாய்மொழியான போலிஷில் 'பதிவு செய்யும்' என்று அர்த்தம். நாகராவில் டேப் ஏறி வண்டி கிளம்பிவிட்டால் பாட்டு அதுதான், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யாருக்கும் ஐடியா வந்து டெம்போவை ஏற்றிவிட முடியாது. நமக்கோ லேப்டாப்பில் ஒரு எண்ணை மாற்றினால் போதும். மாற்றுவது இவ்வளவு சுலபமாகிவிட்டதால்தான் பூட்டு நாமே போட வேண்டியிருக்கிறது.

பூட்டு என்றால் "ஓகே"ன்னு ஒரு கட்டைவிரல் அனுப்புவது இல்லை. ஃபைல் பெயரிலேயே டெம்போவும் நீளமும் இருக்கட்டும். 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஃபைலாகக் கொடுங்கள். எம்.பி.3 ஆக்கும்போது தொடக்கத்தில் ஒரு துளி மௌனம் சேர்ந்துகொள்ளும், அதைத் தேடி அலைய வேண்டாம். பாட்டுக்குச் சரியாக 2 விநாடி முன்னால் ஒரு ஃபிரேம் நீளத்துக்கு, பொருத்திப் பார்க்க ஒரு பீப் வையுங்கள். பாடகர், இசையமைப்பாளர், இயக்குநர் மூவரும் "இனிமேல் குரலையும் டெம்போவையும் தொட மாட்டோம்" என்று எழுத்தில் சொன்ன பிறகுதான் அந்த ஃபைல் வெளியே போக வேண்டும். அப்புறம் மிக்ஸில் தாளம், கிடார், கடல் சத்தம், எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளட்டும், நமக்குக் கவலை இல்லை.

ஆளுக்கொரு ஃபிரேம் ரேட்

ஃபோனை அப்படியே எடுத்து ஷூட் செய்தால் பெரும்பாலும் விநாடிக்கு 30 ஃபிரேம், அதுவும் வெளிச்சத்துக்குத் தக்கபடி ஏறி இறங்கும் 30. நீளமான டேக்கில் உதடு மெல்ல நழுவும். நிலையான ரேட் தருகிற ஒரு கேமரா ஆப்பைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். 24-ம் 23.976-ம் ஒன்றுதானே என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். ஒன்றை மற்றொன்றாக ஓட்டிவிட்டால் 4 நிமிடத்தில் கிட்டத்தட்ட 6 ஃபிரேம் விலகும். நான் இப்போது எல்லோருக்கும் 25 என்று சொல்லிவிடுகிறேன். இங்கே கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பிரான்ஸிலும் அதேதான். ஷட்டர் வேகத்தை 1/50 விநாடியில் வைத்தால் டியூப்லைட் மினுக்காது. கனடாவிலோ அமெரிக்காவிலோ ஒருவர் இருந்தால் அவர் மட்டும் விளக்கு வெளிச்சத்தில் 1/60 வைத்துக்கொள்ளட்டும், அங்கே 60 ஹெர்ட்ஸ்.

ஸ்லோ மோஷனில் வாயசைப்பது

50-ல் எடுத்து 25-ல் ஓட்டப் போகிறீர்கள் என்றால் ஸ்பாட்டில் பாட்டு இரட்டை வேகத்தில் ஓட வேண்டும். மறந்துவிட்டால் மருந்து கிடையாது.

கரையில் ஸ்பீக்கர், படகில் பாடகர்

ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். ஸ்பீக்கரும் கேமராவும் கரையில் இருந்து, ஆள் 70 மீட்டர் தள்ளிப் படகில் நின்றால் அவர் காதுக்குப் பாட்டு 0.2 விநாடி தாமதமாகப் போய்ச் சேரும். 25-ல் அது 5 ஃபிரேம். தேவனாம்பட்டினத்தில் நாங்கள் இதற்காக நடிகரைத் திட்டினோம், பாவம், அவர் தாளம் சரியாகத்தான் இருந்தது. ஸ்பீக்கரை அவர் காலடியில் வையுங்கள். கேமராவில் பதிவாகும் சத்தம் காற்றும் இரைச்சலுமாக இருந்தாலும் அழிக்காதீர்கள், பாட்டோடு பொருத்திப் பார்க்க வேறு பிடி இல்லை.

மொத்தத்தையும் நெட்டில் ஏற்றுவது

100 எம்.பி.பி.எஸ்.-ல் (விநாடிக்கு 100 மெகாபிட்) எடுத்த 4கே ஃபுட்டேஜ் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜி.பி. வரும். வீட்டு இணைப்பில் அப்லோடு 20 எம்.பி.பி.எஸ். கிடைத்தால், நடுவில் அறுந்துபோகாமல் இருந்தால், 5 மணி நேரம். ஐப்பசி கார்த்திகையில் எங்கள் கடற்கரையில் நடுவில் கரண்ட் போகாமல் இருக்கும் என்று நம்புகிறவர்கள் இந்தப் பக்கம் குடி வந்து பார்க்கலாம். 720-ல் சின்ன பிராக்ஸி (தரம் குறைத்த நகல்) செய்து அதை மட்டும் ஏற்றுங்கள், எடிட் அதிலேயே நடக்கட்டும், ஒரிஜினல் கூரியரில் வந்து சேரும். பிராக்ஸியின் ஃபைல் பெயரை மட்டும் யாரும் மாற்றக் கூடாது. "final_புதுசு" என்று ஒருவர் மாற்றி வைத்ததில் நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை இழந்தேன்.

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்புவது

கூடாது.

"ஃபீல் வரலை" என்று கருத்துச் சொல்வது

எந்த நிமிடம், எந்த விநாடி, எது உறுத்துகிறது என்று எழுதாத கருத்தை நான் படிப்பதில்லை. நேரில் இருந்தால் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம், பாரிஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் தட்டும் மூன்று சொல்லை இங்கே சாயங்காலம் படிக்கும்போது அது திட்டு மாதிரிதான் தெரியும். இன்னொன்று, அங்கே மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுவார்கள். நமக்கும் அவர்களுக்கும் கோடையில் மூன்றரை மணி நேர வித்தியாசம், குளிரில் நாலரை. இது தெரியாமல் ஒரு மணி நேரம் வீடியோ கால் முன்னால் தனியாகக் காத்திருந்திருக்கிறேன்.

பாட்டு யாருக்குச் சொந்தம்

நண்பர்கள்தான். அதனால்தான் முதல் நாளே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

ஒரே ஹார்ட் டிஸ்க்

தம்பிகள் கொண்டுவந்தது ஒன்றே ஒன்று. வேறு காப்பி எங்கேயும் இல்லை, அதைப் பையில் டிபன் பாக்ஸோடு போட்டு பஸ்ஸில் தூக்கி வந்திருக்கிறார்கள். உதடு விஷயத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லி, முதலில் காப்பி போட்டுவிட்டு மூன்று பேரும் டீ குடிக்கப் போனோம்.