பைன் வேர்நுனியில் வாழும் பூஞ்சையைக் கண்ணால் காண்பது எப்படி?

கொடைக்கானலிலோ ஊட்டியிலோ பைன் தோப்புக்குள் நுழைபவர்கள் பெரும்பாலும் அண்ணாந்தே பார்க்கிறார்கள். காலடியில், ஊசியிலைச் சருகுக்குச் சற்றே கீழே, மரமும் பூஞ்சையும் நடத்தும் கொடுக்கல் வாங்கலின் தடயத்தைப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் ஒரு கைலென்சைக் கொண்டே பார்த்துவிடலாம். 1885ஆம் ஆண்டில் ஜெர்மானியத் தாவரவியலர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க், வேரும் பூஞ்சையும் சேர்ந்த இந்தக் கூட்டுக்கு 'மைக்கோரைசா' என்று பெயரிட்டார். தமிழில் வேர்ப்பூசணம் என்கிறோம்.

கைலென்சுடன் ஒரு கொத்துக்கரண்டி, மூடியுள்ள டப்பா, வெள்ளைப் பீங்கான் தட்டு, மெல்லிய ஓவியத் தூரிகை ஆகியவை போதும். காப்புக்காட்டில் மண்ணைக் கிளற வனத்துறையின் அனுமதி தேவை என்பதால், தெரிந்தவர் தோட்டத்தில் நிற்கும் பைன் மரமே தொடக்கத்திற்கு ஏற்றது.

முதல் படி, வேரை எடுப்பது. மழை பெய்து மண் ஈரமாக இருக்கும் நாளில், அடிமரத்திலிருந்து ஓரிரு மீட்டர் தள்ளிச் சருகை விலக்குங்கள். அடியில் கருத்த மட்கும் மண்ணும் சேரும் இடத்தில்தான் நுண்வேர்கள் நெருக்கமாக இருக்கும். வேரைப் பிடித்து இழுத்தால் நாம் தேடும் நுனிகள் மண்ணிலேயே தங்கிவிடும். ஆகவே உள்ளங்கை அளவு மண்கட்டியை அப்படியே பெயர்த்து டப்பாவில் வைத்து, குழியை மூடிச் சருகைப் பழையபடி பரப்பிவிடுங்கள்.

இரண்டாவது படி, கழுவுவது. மண்கட்டியை இரண்டு மூன்று மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, மண் தானாகக் கரைந்து இறங்கிய பின், எஞ்சிய துகள்களைத் தூரிகையால் நீக்க வேண்டும். நான் முதன்முறை அவசரப்பட்டுக் குழாயடியில் காட்டியதில், வேர்த்தண்டு மட்டும் கையில் மிஞ்சியது. நுனிகள் எல்லாம் சாக்கடையோடு போயின.

மூன்றாவது படியே முக்கியமானது. தட்டில் சிறிது தண்ணீர் விட்டு, அதில் வேரை மிதக்கவிட்டு லென்சால் பாருங்கள். நீண்ட வேரின் பக்கங்களில், சில மில்லிமீட்டர் நீளமே உள்ள குட்டை வேர்கள் கவண் போல இரண்டாகக் கிளைத்திருக்கும். சில இடங்களில் அக்கிளைகளும் மீண்டும் பிரிந்து சிறு பவளக்கொத்தாக நிற்கும். பூஞ்சை இல்லாமலும் பைனின் குட்டை வேர் சில வேளைகளில் இரண்டாகப் பிரியும் என்பதால், கவண் வடிவத்தை மட்டும் நம்பிவிடக் கூடாது. நுனி மழுங்கித் தடித்திருக்கிறதா, வேர்த்தூவிகள் இல்லாமல் இருக்கிறதா, மேலே வெண்மையாகவோ பழுப்பாகவோ ஓர் உறை போர்த்தியிருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்த உறை முழுவதும் பூஞ்சை இழைகளால் நெய்யப்பட்டது. அதிலிருந்து சிலந்தி நூல் போல மண்ணுக்குள் நீளும் இழைகள்தான் உண்மையான உழைப்பாளிகள்: மரத்துக்குத் தேவையான பாஸ்பேட் சத்து மண்ணில் மிக மெதுவாகவே நகர்வதால் வேரை ஒட்டிய பகுதியில் அது விரைவில் தீர்ந்துவிட, வேரால் எட்ட முடியாத தூரத்திலிருந்து இழைகள் அதைக் கொண்டுவருகின்றன; மரம் அதற்கு ஈடாகச் சர்க்கரையைக் கொடுக்கிறது. இந்தப் பண்டமாற்று நடக்கும் இடம், உறைக்கு உள்ளே வேர்ச்செல்களின் இடைவெளியில் பூஞ்சை இழைகள் பின்னியிருக்கும் 'ஹார்டிக் வலை'. அதைக் காண மெல்லிய குறுக்குவெட்டும் நுண்ணோக்கியும் வேண்டும்.

இந்தக் கூட்டு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கரீபியக் கடலிலுள்ள போர்ட்டோ ரிக்கோ தீவு காட்டியது. அங்கு விதைத்த பைன் கன்றுகள் மஞ்சளித்துக் குன்றியே நின்றன. 1950களில், பைன் வளர்ந்த இடத்து மண்ணைக் கொண்டுவந்து இட்ட பிறகே அவை தேறி வளர்ந்தன. பைன் தென்னிந்தியாவுக்கும் வந்தேறிய மரம்தான். ஆகவே நீங்கள் தட்டில் காணும் பூஞ்சையும் மரத்தோடு சேர்ந்து வந்ததாக இருக்கலாம்.

அடுத்து வீட்டு வேப்பமரத்தின் நுண்வேரையும் இதே முறையில் கழுவிப் பாருங்கள். உறையோ கவண் வடிவமோ தென்படாது; ஆனால் அங்கு பூஞ்சை இல்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். வேம்பு, தேக்கு போன்றவற்றில் வாழ்வது வேர் உட்பூசணம். அது செல்லுக்குள்ளேயே புகுந்து நுண்கிளைகளாக விரிவதால், வேரை வெளிறச் செய்து சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால்தான் கண்ணுக்குப் புலப்படும்.