கனடாவில் இடம் கிடைக்குமா? கணித்துப் பார்க்கும் முறை

தண்டையார்பேட்டையில் மாலை வேளைகளில் பிளஸ் டூ மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆண்டுதோறும் அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது இரண்டு மூன்று பெற்றோராவது வந்து, "பையனுக்கு 197 கட்-ஆஃப் வந்துடும் சார், கனடாவில் கிடைக்குமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் அந்த 197 கனடாவில் எவரும் பார்க்காத எண்.

நம் பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃப், கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200க்குப் போடப்படுவது; ஆங்கிலம் அதில் சேராது. வாட்டர்லூ பல்கலைக்கழகப் பொறியியலுக்கோ ஆங்கிலமும் கட்டாயப் பாடம், அதன் மதிப்பெண்ணும் சராசரியில் சேரும். கணிதம் 100, இயற்பியல் 98, வேதியியல் 96, ஆங்கிலம் 78 வாங்கிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். கட்-ஆஃப் 197, நான்கு பாடச் சராசரி 93. ஆங்கிலத்தில் அவரே 92 வாங்கியிருந்தால் சராசரி 96.5 ஆகியிருக்கும். போட்டி மிகுந்த படிப்புகளில் இந்த மூன்றரை மதிப்பெண் மிகப் பெரிய இடைவெளி. எனவே முதல் வேலையாக, நீங்கள் விரும்பும் படிப்பின் பக்கத்தில் உங்கள் பாடத்திட்டத்துக்கு, அது மாநில வாரியமோ சிபிஎஸ்இயோ, என்னென்ன பாடங்கள் கேட்கப்பட்டுள்ளன என்று பார்த்து, அந்தப் பாடங்களுக்கு மட்டும் சராசரி போடுங்கள்.

அடுத்து, எந்த மதிப்பெண்ணைப் போடுவது என்பது. பொதுத்தேர்வு முடிவு மே மாதம்தான் வரும். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளோ வழக்கமாக ஜனவரி 15. ஆகவே பதினோராம் வகுப்பு மதிப்பெண்ணையும், பொதுத்தேர்வில் இவ்வளவு வரும் என்று பள்ளி கணித்துத் தரும் எதிர்பார்ப்பு மதிப்பெண்ணையும் வைத்தே பெரும்பாலும் முடிவெடுத்து, நிபந்தனையோடு இடம் தருகிறார்கள். "பப்ளிக்ல பார்த்துக்கலாம்" என்று பதினோராம் வகுப்பையும் அரையாண்டையும் கைவிடும் நம் வழக்கம் இங்கேதான் பிள்ளைகளின் காலை வாருகிறது. வருத்தத்தோடு சொல்கிறேன், நல்ல மாணவர்கள் பலர் இப்படித்தான் வாய்ப்பை இழக்கிறார்கள்.

சராசரி கிடைத்ததும் அதைப் பல்கலைக்கழகத்தின் பெயரோடு ஒப்பிடாமல் படிப்போடு ஒப்பிடுங்கள். வாட்டர்லூவில் மென்பொருள் பொறியியலுக்கு உள்ள நெருக்கடி சிவில் பொறியியலுக்குக் கிடையாது. குறைந்தபட்சத் தகுதி என்று போட்டிருக்கும் எண் விண்ணப்பிக்க மட்டுமே. இடம் பெற்றவர்களின் மதிப்பெண் பொதுவாக அதற்கு வெகுமேலே இருக்கும். இடம் பெற்றவர்களின் மதிப்பெண் வரம்பைவிட நீங்கள் நன்றாக மேலே இருக்கும் படிப்பு ஒன்று, வரம்புக்குள் இருக்கும் படிப்புகள் இரண்டு, வரம்பு உங்களைவிடச் சற்று மேலே இருந்தாலும் முயன்று பார்க்கும் படிப்பு ஒன்று என்று பிரித்து விண்ணப்பிக்கலாம். மெக்கில் பல்கலைக்கழகம் பெரும்பாலும் மதிப்பெண்ணையே பார்க்கும் என்பதால் அங்கே கணிப்பது சற்று எளிது.

மற்ற இடங்களில் மதிப்பெண்ணுக்கு அப்பாலும் கணக்கு உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் தன்விவரக் கட்டுரைகள், வாட்டர்லூவில் சேர்க்கைத் தகவல் படிவம், டொரன்டோ பல்கலைக்கழகப் பொறியியலில் காணொளிப் பதில்கள். வாட்டர்லூவில் கணினி அறிவியல் படிக்க நினைப்பவர்கள் யூக்ளிட் கணிதப் போட்டியை எழுதுவது நல்லது. 10 கேள்விகள், இரண்டரை மணி நேரம், 100 மதிப்பெண். கட்டுரைக்குப் பதக்கம் வேண்டும் என்று எண்ண வேண்டாம். காசிமேட்டு மாணவி ஒருத்தி, விடியற்காலை ஏலத்தில் அம்மா எடுக்கும் மீனுக்குக் கூடை வாரியாகக் கணக்கெழுதிய நோட்டை என்னிடம் காட்டினாள். ஓரங்களில் மீன் செதில் ஒட்டியிருந்தது. எந்த நாளில் நட்டம், ஏன் என்று அவளே குறித்திருந்தாள். அதைத்தான் எழுதச் சொன்னேன். ஏஜென்ட் எழுதித் தரும் கட்டுரையில் இப்படி ஒரு வரி வராது.

ஆங்கிலத் தேர்வுக்கு, ஐஇஎல்டிஎஸ் மொத்தம் 6.5 என்பது டொரன்டோவும் வாட்டர்லூவும் கேட்பது. ஒவ்வொரு பிரிவுக்கும் தனிக் குறைந்தபட்சமும் உண்டு.

இடம் கிடைத்தாலும் சேர முடியுமா என்பதையும் இப்போதே பாருங்கள். டொரன்டோ பொறியியலில் வெளிநாட்டு மாணவர் கல்விக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 60,000 கனடிய டாலரைத் தாண்டுகிறது. அங்கே லெஸ்டர் பி. பியர்சன் உதவித்தொகை நான்கு ஆண்டுக் கல்விக் கட்டணத்தையும் தங்குமிடத்தையும் ஏற்கிறது. ஆனால் மாணவர் தாமாக விண்ணப்பிக்க முடியாது, பள்ளிதான் ஒரே ஒருவரைப் பரிந்துரைக்க வேண்டும். அதற்கான நாள் சேர்க்கைக்கான கடைசி நாளுக்கு முன்பே முடிந்துவிடும் என்பதால், காலாண்டு விடுமுறைக்கு முன் தலைமையாசிரியரைப் பார்த்துப் பேசிவிடுங்கள்.