“எதற்கும் இருக்கட்டும்” என்று எடுத்துவைக்காதீர்கள்: ஜப்பானுக்குப் பெட்டி கட்டும்போது நாம் செய்யும் தவறுகள்

முதல் முறை ஜப்பான் போனபோது நானும் அம்மாவும் ஆளுக்கொரு பெரிய சூட்கேஸ் எடுத்துப் போனோம். டிக்கெட்டில் தலைக்கு 23 கிலோ என்று போட்டிருந்தது. வீட்டிலேயே நிறுத்துப் பார்த்து 22 கிலோ வரை நிரப்பினோம். சென்னையில் டாக்ஸி, விமான நிலையத்தில் தள்ளுவண்டி. அதுவரை கனம் தெரியவே இல்லை. டோக்கியோவின் அசகுசா பகுதியில் சுரங்க ரயிலை விட்டு இறங்கியபோதுதான் தெரிந்தது. எதிரே படிக்கட்டு. லிஃப்ட் வேறொரு வாசல் பக்கம் இருந்திருக்கிறது. அது அப்போது எங்களுக்குத் தெரியாது. ஒரு பெட்டியை மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு இறங்கி வந்தேன். அடுத்ததைத் தூக்கும்போது என் கை நடுங்குவதைப் பார்த்து, “நானும் ஒரு பக்கம் பிடிக்கிறேன்” என்று அம்மா குனிந்தார். முழங்கால் வலிக்காரர். அந்தக் காட்சி இன்றும் மனதை உறுத்துகிறது.

12 நாள் கழித்து ஊர் திரும்பிப் பெட்டியைப் பிரித்தால், பாதித் துணி மடிப்புக் கலையாமல் இருந்தது.

அடுத்த முறை ஆளுக்கு 9 கிலோவோடு போனோம். இரண்டு பயணங்களுக்கும் நடுவே கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

டிக்கெட்டில் உள்ள எடையை இலக்காக வைப்பது

எல்லாத் தவறுக்கும் தாய் இதுதான். 23 கிலோ என்பது விமானம் சுமக்கத் தயாராக இருக்கும் எடை. நாம் சுமக்கக்கூடிய எடை அல்ல. ஜப்பானில் ஒரே ஊரில் தங்கிவிட்டு வருகிறவர்கள் குறைவு. டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா, நடுவில் ஹகோனே அல்லது ஹிரோஷிமா என்று இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை இடம் மாறுவோம். ஒவ்வொரு மாற்றத்திலும் படிக்கட்டு, நடைமேடை, நெரிசல், மறுபடி படிக்கட்டு. அதனால் பெட்டியைக் கட்டி முடித்ததும் அதைக் கையில் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுப் படியில் இரண்டு மாடி ஏறிப் பாருங்கள். நடுவில் கீழே வைக்கத் தோன்றினால் எடையைக் குறைக்க வேண்டும். தராசைவிட இந்தச் சோதனையைத்தான் நான் நம்புகிறேன்.

கேபின் பையோடு மட்டும் போக நினைப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பல விமானங்களில் சாதாரண வகுப்புக்கு 7 கிலோதான் அனுமதி. சக்கரம் வைத்த கெட்டி ஓட்டுச் சூட்கேஸ் காலியாகவே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். சாமானுக்கு நாலு கிலோதான் மிச்சம். முதுகுப் பையோ துணிப் பையோ என்றால் அந்த இழப்பு பாதியாகக் குறையும். சிங்கப்பூர், கோலாலம்பூர் வழியாக இரண்டு விமான நிறுவனங்களில் மாறிப் போவதானால், இரண்டில் எது குறைவாக அனுமதிக்கிறதோ அதுதான் உங்கள் அளவு.

ரயிலையும் பஸ்ஸையும் மறந்துவிடுவது

டோக்கியோவையும் ஒசாகாவையும் இணைக்கும் ஷின்கான்சென் புல்லட் ரயிலில் 2020 மே மாதத்திலிருந்து ஒரு விதி இருக்கிறது. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டும் என்றால், அதற்கான இடத்தோடு சேர்ந்த இருக்கையை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. பதிவு செய்யாமல் ஏறினால் 1,000 யென் கட்ட வேண்டும். நம் வீடுகளில் பரண் மேல் இருக்கும் மிகப் பெரிய சூட்கேஸ்கள் பலவும் இந்த அளவை எட்டிவிடும். ஒரு டேப்பை வைத்து அளந்துவிடுங்கள். பணத்தைவிட முக்கியம் நேரம்: கியோட்டோ போன்ற நடு நிலையங்களில் ரயில் ஓரிரு நிமிடம்தான் நிற்கும். அதற்குள் இறங்கியாக வேண்டும்.

கியோட்டோ நகரப் பேருந்துகள் எப்போதும் கூட்டம். அங்கே பெரிய பெட்டியோடு ஏறுவது உள்ளூர்க்காரர்களுக்குப் பெரிய தொந்தரவு. ‘கைவீசிக்கொண்டு வாருங்கள்’ என்ற பொருளில் நகரமே பயணிகளைக் கேட்டுக்கொள்கிறது. ஸ்டேஷன்களில் நாணயம் போட்டுப் பூட்டும் லாக்கர்கள் உண்டு. ஆனால் சின்ன லாக்கர்தான் நிறைய. பெரியவை சீக்கிரமே நிரம்பிவிடும். பை சின்னதாக இருந்தால் எந்த லாக்கரும் போதும்.

அப்புறம், அந்த நாட்டில் தக்யூபின் என்று, பெட்டியை ஊர்விட்டு ஊர் கொண்டுசேர்க்கும் ஓர் அருமையான சேவை இருக்கிறது. குட்டியைக் கவ்விப் போகும் கறுப்புப் பூனைச் சின்னம் போட்ட வண்டிகளைத் தெருவெங்கும் பார்க்கலாம். யமாதோ நிறுவனம் இந்தச் சேவையை 1976-ல் தொடங்கியது. ஹோட்டல் வரவேற்பில் பெட்டியைக் கொடுத்தால், டோக்கியோவிலிருந்து கியோட்டோ வரை பெரும்பாலும் மறுநாளே போய்ச் சேர்ந்துவிடும். வயதானவர்களோடு போனால் தயங்காமல் பயன்படுத்துங்கள். ஒன்று மட்டும் கவனம்: மாத்திரை, பாஸ்போர்ட், ஒரு நாள் மாற்றுத் துணி மூன்றையும் கையில் வைத்துக்கொண்டுதான் பெட்டியைக் கொடுக்க வேண்டும்.

நாளுக்கு ஒரு உடை என்று எண்ணுவது

12 நாள் என்றால் 12 சட்டை என்று நம் கை தானாகவே எண்ணும். 5 நாளுக்கு எடுத்தால் போதும். நடுத்தர விலை ஹோட்டல்களில் பெரும்பாலும் நாணயம் போட்டால் ஓடும் சலவை இயந்திரம் இருக்கும். இல்லாவிட்டால் பக்கத்துத் தெருவில் சலவைக் கடை இருக்கும். துவைக்கவும் உலர்த்தவும் சேர்த்து சில நூறு யென்தான் ஆகும். பயணத்தில் இரண்டு முறை, இரவு சாப்பிட்டுவிட்டு வந்து போட்டால் தூங்கப் போவதற்குள் வேலை முடியும்.

உள்ளாடை, காலுறைகளை அறையிலேயே அலசலாம். பிழிந்த துணியை ஹோட்டல் துண்டில் வைத்துச் சுருட்டி இன்னொரு முறை முறுக்கினால் மிச்ச ஈரத்தைத் துண்டு உறிஞ்சிக்கொள்ளும். காலைக்குள் காய்ந்துவிடும்.

குளிருக்குப் பயந்து தடித்த ஸ்வெட்டர்களை அடுக்குவது இதே தவறின் இன்னொரு முகம். செர்ரி பூக்கும் மார்ச் கடைசியில் டோக்கியோவில் பகல் இதமாக இருக்கும், மாலையில் நன்றாகக் குளிரும். ஒல்லியான உள்பனியன், முழுக்கைச் சட்டை, காற்றுத் தடுக்கும் ஜாக்கெட் என்று மூன்று அடுக்கு இருந்தால் கூட்டியும் குறைத்தும் சமாளிக்கலாம். ஜாக்கெட்டையும் கனமான ஷூவையும் விமானத்தில் போட்டுக்கொண்டே போங்கள். ஜீன்ஸ் ஒன்று போதும், அதுவும் உடம்பில்.

அங்கே இருப்பதை இங்கிருந்து சுமப்பது

துண்டு, சோப்பு, ஷாம்பு, பல் துலக்கி, சீப்பு, ஷேவிங் ரேசர், தலை உலர்த்தி, தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டில் எல்லாம் சாதாரண பிசினஸ் ஹோட்டலிலேயே கிடைக்கும். இரவு உடைகூடப் பல இடங்களில் தருகிறார்கள். ரியோகான் எனப்படும் பாரம்பரிய விடுதிகளில் யுகாதா என்ற மெல்லிய அங்கி பெரும்பாலும் இருக்கும். பிளாஸ்டிக்கைக் குறைக்க 2022 ஏப்ரலில் வந்த சட்டத்துக்குப் பிறகு சீப்பு, பல் துலக்கி போன்றவற்றை அறையில் வைக்காமல் வரவேற்பு அருகே வைக்கிறார்கள். வேண்டியதை நாமே எடுத்துக்கொள்ளலாம். குடை வேண்டாம்; மழை வந்தால் எந்தக் கன்வீனியன்ஸ் கடையிலும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குடை விற்கும்.

நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது மின்சாதனத்தில்தான். ஜப்பானில் மின்னழுத்தம் 100 வோல்ட்; நம்முடையது 230. போன், லேப்டாப் சார்ஜர்களில் பெரும்பாலும் 100–240 என்று அச்சிட்டிருக்கும். அவை வேலை செய்யும். ஆனால் ஊரிலிருந்து கொண்டுபோகும் சின்ன ரைஸ் குக்கர், கெட்டில், அயர்ன் பாக்ஸ் அங்கே பயன்படாது. அழுத்தம் பாதிக்கும் கீழே போனால் வெப்பம் பாதியாகக் குறைவதில்லை, ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அரிசி ஊறும், வேகாது. அந்த ஒன்றரைக் கிலோவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தட்டையான இரண்டு கால் வைத்த அடாப்டர் ஒன்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு மூட்டை

இதில் நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஜப்பான் உண்மையிலேயே கஷ்டம். காய்கறி மட்டும் போட்டது போலத் தெரியும் சூப்பிலும் குழம்பிலும் தாஷி என்ற சாறு இருக்கும். பெரும்பாலும் அது உலர்ந்த மீனிலிருந்து எடுத்தது. அதனால் அம்மா பொடி டப்பாக்கள், புளிக்காய்ச்சல், ஊறுகாய், முறுக்கு, அவல் என்று கட்டியதில் நியாயம் இருந்தது. அளவில்தான் தவறு. முதல் முறை ஐந்து கிலோ கொண்டுபோய் மூன்று கிலோவைத் திருப்பிக் கொண்டுவந்தோம்.

இரண்டாவது முறை பருப்புப் பொடி, பூண்டுப் பொடி தலா 150 கிராம், சின்னப் பாட்டிலில் நல்லெண்ணெய். அவ்வளவுதான். கன்வீனியன்ஸ் கடைகளில் வெந்த சோறு சின்னப் பெட்டிகளில் கிடைக்கிறது. அங்கேயே மைக்ரோவேவில் சூடு செய்து கொடுப்பார்கள். அந்தக் குண்டுச் சோற்றில் பருப்புப் பொடியும் எண்ணெயும் விட்டுப் பிசைந்து சாப்பிட்டால் அப்படி இருக்கும். தயிரும் எங்கும் கிடைக்கும். சர்க்கரை சேர்க்காததாகப் பார்த்து வாங்க வேண்டும்.

சில எச்சரிக்கைகள். மிளகாய்ப் பொடியை நம் விமான நிலையங்களில் கேபின் பையில் விடமாட்டார்கள். கார மசாலா, எண்ணெய் மிதக்கும் ஊறுகாய் எல்லாம் செக்-இன் பெட்டியில் போவதுதான் நல்லது. கொப்பரைத் தேங்காய் வேண்டவே வேண்டாம். எண்ணெய் நிறைந்ததால் எளிதில் தீப்பற்றும் பொருளாகக் கருதி மறுப்பார்கள். ஜப்பானில் இறங்கும்போது பச்சைக் கறிவேப்பிலை, பழம், காய்கறிகளைச் சான்றிதழ் இல்லாமல் விடமாட்டார்கள். இறைச்சி வகைகளும் கூடாது.

மருந்து

எடை குறைக்கும் வேகத்தில் இதில் கை வைக்காதீர்கள். மருத்துவர் எழுதிய மருந்துகளை ஒரு மாதத்துக்கு உட்பட்ட அளவில் சொந்தப் பயன்பாட்டுக்குக் கொண்டுபோகலாம்; அதற்கு மேல் என்றால் முன் அனுமதிச் சான்று வாங்க வேண்டும். ஊசிகளுக்குத் தனி விதி உண்டு என்பதால் இன்சுலின் போடுகிறவர்கள் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். சளி மாத்திரைகளில் சேரும் சூடோஎபெட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஜப்பானுக்குள் அனுமதி கிடையாது. கோடீன் கலந்த இருமல் மருந்திலும் சிக்கல் வரலாம். இடத்தை மிச்சப்படுத்த மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து ஒரே டப்பாவில் கொட்டுவது பெரிய தவறு. அது என்ன மருந்து என்று காட்ட வழியில்லாமல் போய்விடும். அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு, கைப்பையில் இருக்கட்டும்.

பவர் பேங்கும் கைப்பையில்தான். செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. 100 வாட்-மணி வரை அனுமதி; 20,000 எம்ஏஎச் என்றால் சுமார் 74 வாட்-மணி, பிரச்சினை இல்லை. 2025 ஜூலையிலிருந்து ஜப்பானிய விமானங்களில் அதைத் தலைக்கு மேல் உள்ள அறையில் வைக்காமல் கண்ணில் படும்படி வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

தேவையானதையும் விட்டுவிடுவது

குறைக்கிறேன் என்று இவற்றை விட்டுவிடாதீர்கள். கைக்குட்டை இரண்டு வேண்டும்: பல பொதுக் கழிப்பறைகளில் கை துடைக்கக் காகிதம் இருக்காது. ஓட்டையில்லாத காலுறை வேண்டும்: கோயில், ரியோகான், சில உணவகங்களில் ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். அதனால் கயிறு கட்டும் ஷூவைவிடச் சட்டென்று மாட்டிக் கழற்றும் ஷூ நல்லது. பழகிய ஷூவாக இருக்க வேண்டும், புதிது கூடாது. தெருவில் குப்பைத்தொட்டி அரிது என்பதால் மடித்த கவர் ஒன்று. சுற்றுலா வந்தவர்கள் எப்போதும் பாஸ்போர்ட்டைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். தோளில் குறுக்காக மாட்டும் சின்னப் பை அதற்கு.

பெட்டியின் அடியில் மடித்தால் உள்ளங்கை அளவுக்கு வரும் துணிப் பை ஒன்றையும் வைத்துவிடுங்கள். அக்கா பிள்ளைகளுக்கு, பக்கத்து வீட்டுக்கு என்று வாங்குவதைக் கடைசி ஊரில் வாங்கி, அதில் போட்டு, திரும்பும் விமானத்தில் மட்டும் செக்-இன் செய்யலாம். அன்றைக்குப் படிக்கட்டும் ஏற வேண்டாம்: டோக்கியோவின் பெரிய ஹோட்டல்கள் பலவற்றின் வாசலிலிருந்தே விமான நிலையத்துக்குப் பேருந்து இருக்கிறது. மூட்டைகளை ஊழியரே வாங்கி வண்டியின் அடியில் அடுக்கிவிடுவார்.