விடுமுறை நாளில் டீம் பார்ட்டி: சென்னையில் போய்த் திரும்புவதற்கு ஒரு வழிகாட்டி

சென்னையின் ஐடி நிறுவனங்களில் பல டீம்கள் பார்ட்டியை வேலை நாளில் வைப்பதில்லை. டெலிவரி, அதாவது வாடிக்கையாளருக்கு வேலையை முடித்துக் கொடுப்பது, கெட்டுவிடக் கூடாது என்பதற்காக ஒரு சனிக்கிழமையோ அரசு விடுமுறையோ தேர்ந்தெடுக்கப்படுகிறது. வாரம் முழுவதும் காத்திருந்து கிடைத்த ஓய்வு நாளின் மாலை, மது பரிமாறப்படும் ஒரு மேசைக்கும் நள்ளிரவை நெருங்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் போய்விடுகிறது. அந்த மாலையைப் பெரிய இழப்பில்லாமல் கடப்பதற்குத் திரும்பி வரும் வழியை முதலில் முடிவு செய்ய வேண்டும். எத்தனை மணிக்குக் கிளம்புவது, எவ்வளவு நேரம் உட்காருவது, என்ன குடிப்பது ஆகிய மூன்றும் அதிலிருந்தே தெளிவாகிவிடும்.

போக வேண்டுமா என்பதை அழைப்பு வந்த அன்றே தீர்மானியுங்கள். நிறுவனத்தை விட்டுப் போகும் ஒருவருக்கான வழியனுப்பு விருந்து என்றால் போய் வருவதே முறை. மற்றவற்றுக்கு, “அன்று வீட்டில் வேலை இருக்கிறது சார், வர இயலாது” என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதில் தவறே இல்லை. வருவதாகச் சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் கைபேசியை அணைத்து வைப்பதுதான் மனக்கசப்பை உண்டாக்கும்.

போவதென்று முடிவானால், வாட்ஸ்அப் குழுவில் இடமும் தேதியும் பேசப்படும் அந்தச் சில மணி நேரத்தைத் தவறவிடாதீர்கள். பின்னால் படப்போகும் சிரமத்தில் பெரும்பகுதியை அங்கேயே தவிர்த்துவிடலாம். பழைய மகாபலிபுரம் சாலையில் அலுவலகம் இருப்பதால் விருந்தையும் அங்கேயே வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அந்தச் சாலையில் மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணி நடந்துவருகிறது. பேருந்தையும் வாடகைக் காரையும் ஆட்டோவையும் விட்டால் அங்குள்ள சோழிங்கநல்லூரிலிருந்து இரவில் வெளியேற வேறு வழி கிடையாது. அதற்குப் பதிலாக நுங்கம்பாக்கம், மாம்பலம், தேனாம்பேட்டை, கிண்டி போன்ற, ரயிலோ மெட்ரோவோ நடக்கும் தூரத்தில் உள்ள இடத்தை நீங்களே முன்மொழியுங்கள். தாம்பரம் பக்கம் போகிறவர்களுக்கு நுங்கம்பாக்கத்திலும் மாம்பலத்திலும் புறநகர் ரயில் நேராகவே கிடைக்கும். திருவொற்றியூர், விம்கோ நகர் பக்கம் போகிறவர்கள் தேனாம்பேட்டையில் நீல வழித்தட மெட்ரோவில் ஏறினால் மாறாமல் போய்ச் சேரலாம். இரவு விருந்தை மதிய விருந்தாக மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. குழந்தைகள் உள்ளவர்களும் பெண்களும் வெளியே சொல்லாவிட்டாலும் அதையே விரும்புவார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

தேதியிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீரர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர தினம், மிலாடி நபி, காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களில் தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடைகளோடு ஓட்டல் பார்களும் மூடப்படும். விடுமுறை என்பதாலேயே இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கடைசியில் இடத்தை ரத்து செய்கிற குழப்பம் வேண்டாம். குடிக்காதவர்களுக்கு இந்தப் பட்டியல் வேறொரு வகையில் பயன்படும்: அந்த நாட்களில் ஒன்றை நீங்களே பரிந்துரைத்தால் அன்றைய விருந்து சாப்பாட்டோடு முடியும்.

விருந்து நாளின் காலையையும் பிற்பகலையும் முழுமையாக உங்களுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். மாலைக்காகக் காத்திருந்தே பகலை வீணடித்தால் விடுமுறை கிடைத்ததற்குப் பயனில்லை.

விருந்து மேசையில் முதல் பத்து நிமிடங்கள்தான் கடினமானவை. சரியான நேரத்துக்குப் போய்விடுங்கள். தாமதமாகப் போனால் மேனேஜருக்குப் பக்கத்து நாற்காலிதான் மிச்சமிருக்கும். மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தால் எழுந்து வெளியே வருவதற்கு நான்கு பேரை நகரச் சொல்ல வேண்டியதில்லை. பரிமாறுபவர் ஆர்டர் எடுக்க வந்ததும், மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, “எனக்கு ஒரு லைம் சோடா, உப்புப் போட்டு” என்று முதலில் சொல்லிவிடுங்கள். கையில் நிறைந்த கண்ணாடி டம்ளர் இருக்கிறவரை யாரும் அதிகம் வற்புறுத்த மாட்டார்கள். “ஒரு பெக் தானே, சும்மா கம்பெனி கொடுங்க” என்று சொல்பவரிடம், “இல்லைங்க, எனக்கு வேண்டாம், நீங்க சாப்பிடுங்க” என்பதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை. மாத்திரை சாப்பிடுகிறேன், விரதம் இருக்கிறேன் என்று காரணம் சொன்னால் அந்தக் காரணத்தைப் பற்றியே அரை மணி நேரம் விவாதம் நடக்கும். அடுத்த பார்ட்டியில் வேறொரு காரணம் தேட வேண்டியும் வரும்.

குடிப்பவர்கள் அளவை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வர வேண்டும். முதலில் ஏதாவது சாப்பிட்ட பிறகே தொடங்க வேண்டும். சம்பள உயர்வு, அப்ரைசல் எனும் பணி மதிப்பீடு, அங்கே இல்லாத சக ஊழியர் ஆகிய மூன்றையும் அந்த மேசையில் பேசாதீர்கள். பேச்சு அந்தப் பக்கம் போனால் ஊர், சாப்பாடு, கிரிக்கெட் என்று திருப்பிவிடுவது எளிது. பில்லைப் பகிர்ந்துகொள்வதாக இருந்தால், குடிக்காதவர்களுக்குச் சாப்பாட்டுத் தொகை மட்டும் என்பதை ஆர்டர் கொடுக்கும் முன்பே பேசிவிடுவது நியாயம். பில் வந்த பிறகு அதைக் கேட்பது எல்லோருக்கும் சங்கடம்.

கிளம்பும் நேரம் வந்ததும் ஒவ்வொருவரிடமும் விடைபெற முயல வேண்டாம். விருந்தை ஏற்பாடு செய்தவரிடம், “கடைசி வண்டியைப் பிடிக்க வேண்டும் சார், கிளம்புகிறேன்” என்று சொன்னால் போதும். உண்மையான காரணம் என்பதால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

இனிப் பயணம். கடைசி மெட்ரோ ரயில்கள் முனையங்களிலிருந்து இரவு 11 மணி வாக்கில் கிளம்புகின்றன. கிண்டியில் மெட்ரோவிலிருந்து இறங்கிப் புறநகர் ரயிலுக்கு மாறுபவர்கள் படிக்கட்டு, நடைபாதை, பயணச்சீட்டு வரிசை என்று பதினைந்து நிமிடங்களையாவது ஒதுக்க வேண்டும். செயலியில் பயணச்சீட்டு எடுப்பதாக இருந்தால் நிலையத்துக்கு வெளியே நிற்கும்போதே எடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் புறநகர் ரயில்களுக்குத் தனிக் கால அட்டவணை உண்டு. பராமரிப்புப் பணிக்காக இரவு ரயில்களை ரத்து செய்வதும் வழக்கம் என்பதால், கடைசி வண்டியை நம்பாமல் அதற்கு முந்தைய வண்டியையே உங்கள் வண்டியாகக் கருதுங்கள். வேளச்சேரிக்குப் போகும் பறக்கும் ரயிலின் நிலையங்கள் பலவும் இரவில் ஆளரவமற்றுக் கிடக்கும். துணை இல்லாமல் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். மாநகரப் பேருந்துகள் இரவு ஒன்பதரைக்குப் பிறகு வெகுவாகக் குறைந்துவிடுகின்றன. நிறுத்தத்தில் நின்று எரிச்சலடைவதைவிட, ‘சென்னை ஒன்’ செயலியில் பேருந்து எங்கே வருகிறது என்று பார்த்துவிட்டு ஓட்டலை விட்டு இறங்குவது மேல்.

பைக்கில் வந்து குடித்தவர், எவ்வளவு குறைவாகக் குடித்திருந்தாலும், பைக்கை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். அபராதத்தைவிட, எதிரே வருகிறவரின் உயிர் பெரிது.

வண்டி தவறிவிட்டால் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்துக்கு, முடிந்தால் ஓட்டலின் வரவேற்பறைக்கே, திரும்பிப் போய்விடுங்கள். அதே பக்கம் போகும் சக ஊழியர் இருந்தால் வாடகைக் காரைப் பகிர்ந்துகொள்ளலாம். ஏறும் முன் வண்டி எண்ணைச் சரிபார்த்து, பயண விவரத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பெண் ஊழியர்களுக்கு நிறுவனத்தின் கார் கிடைக்குமா என்பதை மனிதவளப் பிரிவில் விருந்துக்கு இரண்டு நாள் முன்பே எழுத்தில் கேட்டு வைத்திருந்தால், இரவு பதினொன்றரை மணிக்கு மேனேஜரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியிராது.