வீடு மாறிய பின் பழைய கணினியை டிவியில் இணைக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

புது வீட்டில் கணினி மேசைக்கு இடமில்லை. பழைய சிபியு அட்டைப்பெட்டியோடு பரணுக்குப் போகக் காத்திருக்கிறது. கூடத்தில் 43 இன்ச் டிவி சுவரில் ஏறிவிட்டது. இரண்டுக்கும் நடுவே ஒரு கேபிள் போட்டால் படம், பாட்டு, யூடியூப் எல்லாம் பெரிய திரையில் ஓடும் என்று தோன்றும். ஓடும்தான். ஆனால் பலர் முதலில் ராம், கிராஃபிக்ஸ் கார்டு, வயர்லெஸ் கீபோர்டு என்று வாங்கிக் குவித்துவிட்டு, இந்தக் கணினியால் எந்த வீடியோவை ஓட்ட முடியும் என்பதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். பணம் வீணாவது பெரும்பாலும் அங்கேதான்.

அதற்கும் முன்னால் ஒரு தவறு இருக்கிறது.

வண்டியிலிருந்து இறக்கியதும் சுவிட்சைப் போடுவது

மினி வேனில் படுக்கவைத்து, மேலே பாத்திர மூட்டை ஏற்றி வந்த சிபியு அது. பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்க்காமல் கரண்ட் கொடுக்காதீர்கள். முதலில் பார்க்க வேண்டியது பிராசஸர் மேலுள்ள ஃபேன். இன்டெல் கணினிகளோடு வரும் ஃபேன் நான்கு பிளாஸ்டிக் கால்களில்தான் நிற்கிறது. குலுக்கலில் ஒரு கால் கிளம்பினாலே ஃபேனுக்கு அடியில் சூட்டை இழுக்கும் உலோகக் கட்டியான ஹீட்சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். கணினி ஆன் ஆகும், சில நிமிடங்களில் சூடேறித் தானாக அணையும். நான்கு கால்களும் மதர்போர்டின் அடியில் வெளியே வந்து பூட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். எப்படியும் ஃபேனைக் கழற்றுகிறீர்கள் என்றால், பிராசஸர் மேல் காய்ந்துபோன பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் நடுவில் வைத்தால் போதும். அதற்கு மேல் வைத்தால் ஓரத்தில் வழியுமே தவிர கூடுதல் குளிர்ச்சி வராது.

அடுத்து ராம். திரையில் ஒன்றும் வராமல் பீப் சத்தம் மட்டும் கேட்டால் பத்தில் பாதி நேரம் இதுதான். கழற்றி, தங்கநிற முனைகளை பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, இரண்டு பக்கமும் கிளிக் சத்தம் வரும்வரை அழுத்துங்கள். தூசியை புளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டால் அது தன் அளவுக்கு மேல் சுழன்று பேரிங் கெடும்.

பின்பக்கம், கணினிக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் பழையதாக இருந்தால், சிலவற்றில் 115, 230 என்று எழுதிய சிவப்பு சிறு சுவிட்ச் இருக்கும். மூட்டை உரசி அது 115-க்கு நகர்ந்திருந்தால், நம் வீட்டு 230 வோல்ட் ஏறிய நொடியில் எஸ்எம்பிஎஸ் வெடிச் சத்தத்தோடு போய்விடும். மாதக்கணக்கில் சும்மா கிடந்த பெட்டி என்றால் எஸ்எம்பிஎஸ் துவாரத்தில் டார்ச் அடித்துப் பல்லி, எறும்புக்கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள். சிரிப்பாக இருந்தாலும் ரிப்பேர் கடைக்காரர்களைக் கேட்டால் தெரியும். பார்த்தால் போதும், எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் உயர் வோல்டேஜ் தங்கியிருக்கும்.

கிடந்த நாளில் மதர்போர்டிலுள்ள காசு வடிவ சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கலாம். இதனால் வரும் குழப்பம் இரண்டு. தேதி பல வருடம் பின்னால் போய்விடுவதால், இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று பிரவுசர் எந்தத் தளத்தையும் திறக்காது. இன்டர்நெட் கோளாறு என்று நினைத்து ரூட்டரைத் திட்டுவோம். இன்னொன்று, பயாஸ் (கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகள் அழிந்து, ஹார்ட் டிஸ்க்கோடு பேசும் சாட்டா முறை ஏஹெச்சிஐ-யிலிருந்து ஐடிஇ-க்கு மாறினால், விண்டோஸ் ஏறாமல் நீலத் திரை காட்டும். ஹார்ட் டிஸ்க் போச்சு என்று முடிவுகட்டி ஃபார்மட் அடித்துவிடாதீர்கள். பயாஸில் அதை மீண்டும் ஏஹெச்சிஐ-க்கு மாற்றிவைத்தால் பழைய விண்டோஸ் அப்படியே எழுந்து வரும்.

எர்த் பார்க்காமல் ஹெச்டிஎம்ஐ சொருகுவது

பல வாடகை வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் பாயின்ட் இருக்கும், எர்த்துக்கான மேல் ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினட்டுக்கு, அதாவது கணினியின் இரும்புப் பெட்டிக்கு, இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் போகின்றன. எர்த் இல்லையென்றால் அவற்றின் வழியாகக் கேபினட்டில் பாதி வோல்டேஜ், அதாவது 115 வோல்ட் அளவு நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் தொட்டால் சுள்ளென்று இழுப்பதோடு சரி. ஆனால் டிவியின் இன்னொரு பக்கம் கேபிள்காரரின் வயர் சொருகியிருக்கும். அந்த வயர் தெருவில் எங்கோ எர்த் ஆகியிருக்கும். நீங்கள் ஹெச்டிஎம்ஐயை நுழைக்கும் கணத்தில் கேபினட்டில் நின்றதெல்லாம் அந்தச் சிறு முனை வழியாகப் பாய்ந்து, டிவியின் ஹெச்டிஎம்ஐ போர்ட்டையோ கணினியின் டிஸ்ப்ளேயையோ கொண்டுபோகும். முதல் தடவை சொருகியதுமே போர்ட் செத்துவிட்டது என்ற புகார்களில் பல இந்த வகை.

மல்டிமீட்டர் இருந்தால் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230-ஐ ஒட்டி வர வேண்டும்; நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எர்த் இல்லையென்றால் வீட்டு உரிமையாளரிடம் பேசி வயர் இழுக்கச் சொல்லுங்கள். சில எலெக்ட்ரீஷியன்கள் சுருக்கு வழியாக நியூட்ரலையும் எர்த்தையும் பிளக் பாயின்ட்டுக்குள்ளேயே முறுக்கிவிடுவார்கள். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் கணினியின் கேபினட் முழுவதும் 230 வோல்ட் வரும். அதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். எர்த் சரியாக இருந்தாலும்கூட, டிவி, கணினி, செட்டாப் பாக்ஸ் மூன்றின் பிளக்கையும் பிடுங்கி வைத்துவிட்டு ஹெச்டிஎம்ஐ சொருகுவதுதான் பழக்கமாக இருக்க வேண்டும்.

ராமை ஏற்றினால் வீடியோ ஓடும் என்று நினைப்பது

வீடியோ திணறுவதற்கு ராம் காரணமாக இருப்பது அபூர்வம். 4 ஜிபி இருந்தால் படம் பார்க்க ஒப்பேற்றலாம், 8 தாராளம். உண்மையான வரம்பு டிஸ்ப்ளே சிப் எந்த வீடியோ வகையை (வீடியோவைச் சுருக்கிவைத்த முறையை) தானே பிரிக்கும் என்பதில் இருக்கிறது. தனக்குத் தெரியாத வகை வந்தால் சிப் கைவிரித்துவிடும், பிராசஸர் தலையில் மொத்தச் சுமையும் விழும், ஃபேன் விமானம் கிளம்புவதுபோல் சத்தம் போடும்.

இன்டெல் பிராசஸர் எண்ணைப் பாருங்கள். ஐ5-2400 என்றால் 2-ஆம் தலைமுறை, ஐ5-4570 என்றால் 4-ஆம் தலைமுறை. 2011-இல் வந்த 2-ஆம் தலைமுறை முதல் ஹெச்.264 வகை 1080பி சிரமமில்லாமல் ஓடும். 2015-இன் 6-ஆம் தலைமுறையில் ஹெச்இவிசி 8 பிட் வந்தது. 4கே படங்களில் பரவலாக உள்ள ஹெச்இவிசி 10 பிட்டும், யூடியூபின் விபி9-ம் முழுமையாக வேண்டுமென்றால் 7-ஆம் தலைமுறையாவது வேண்டும். ஏவி1 வகைக்கு 11-ஆம் தலைமுறை.

இதை டிவியில் இணைத்த பிறகு சோதிக்க வேண்டியதில்லை. யூடியூப் வீடியோ மேல் ரைட் கிளிக் செய்து ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் என்பதைத் திறந்தால் எந்த வகை வருகிறது, எத்தனை ஃபிரேம் காட்டப்படாமல் விடுபடுகிறது என்று தெரியும். விண்டோஸ் 10 டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தில் வீடியோ டீகோட் கோடு பூஜ்யத்திலேயே கிடக்க, சிபியு, அதாவது பிராசஸர் மட்டும் 90 சதவீதத்தைத் தொட்டால் விஷயம் புரிந்துவிடும். செலவில்லாத மருந்து ஒன்று உண்டு: யூடியூபை ஹெச்.264 மட்டும் அனுப்பவைக்கும் ஹெச்264ஃபை போன்ற பிரவுசர் எக்ஸ்டென்ஷன். 1080பி-க்கு மேல் கிடைக்காது, ஆனால் 3-ஆம் தலைமுறைக் கணினி மூச்சு வாங்காமல் ஓடும். பத்தடி தள்ளி உட்கார்ந்து 43 இன்ச்சில் பார்க்கும்போது 1080பி-க்கும் 4கே-க்கும் உள்ள வித்தியாசத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கிராஃபிக்ஸ் கார்டு வாங்கியே தீருவேன் என்றால், சென்னையின் கணினிக் கடைத் தெருவான ரிச்சி தெருவில் கேட்டதும் நீட்டப்படும் ஜிடி 710, ஜிடி 730 வேண்டாம். 4 ஜிபி என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும். ஹெச்இவிசி, விபி9 இரண்டையும் அவை பிரிக்காது. ஜிடி 1030 இரண்டையும் பிரிக்கும், தனி பவர் கேபிளும் கேட்காது. கார்டு போட்ட பிறகு ஹெச்டிஎம்ஐயைக் கார்டில்தான் சொருக வேண்டும், மதர்போர்டின் பழைய போர்ட்டில் அல்ல.

ஜி31, ஜி41 போர்டு போட்ட கோர் 2 டுயோ கணினிக்கு இந்தச் செலவும் வேண்டாம். அதைப் பாட்டுப் பெட்டியாக ஆம்ப்ளிஃபையரோடு வையுங்கள், நன்றாக உழைக்கும். நெட்ஃபிளிக்ஸ், பிரைம் மட்டும்தான் பார்ப்போம் என்ற குடும்பத்துக்கு எந்தப் பழைய கணினியும் தேவையில்லை. டிவியில் சொருகும் ஸ்டிக் ஒன்று இதைவிட நல்ல தரத்தில், சில வாட் கரண்டில் அதைச் செய்துவிடும். நெட்ஃபிளிக்ஸின் 4கே கணினியில் வர 7-ஆம் தலைமுறை இன்டெல், ஹெச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு முறை உள்ள டிவி என்று அடுக்கடுக்காக நிபந்தனை உண்டு.

பழைய கணினிக்கு மவுசு வேறு இடத்தில்: அதிலுள்ள டிவிடி டிரைவ். கல்யாண டிவிடி, காதுகுத்து டிவிடி எல்லாம் அலமாரியில் பூஞ்சை பிடிக்கும் முன், டிவிடியின் முழு நகலான ஐஎஸ்ஓ கோப்பாக ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுங்கள். ஒற்றை அடுக்கு டிவிடி ஒன்று 4.7 ஜிபிக்கு மேல் போகாது. எவ்வளவு பழைய கணினியும் அதை ஓட்டும். ஆட்கள் அசையும்போது ஓரத்தில் சீப்புப் பல்போல் கோடு தெரிந்தால் டிவிடியில் பழுதில்லை. ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறிப் பதிவாகும் இன்டர்லேஸ் முறையில் பதிவானது அது. விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் டீஇன்டர்லேஸை ஆன் செய்து, முறையை யாடிஃப் என்று வையுங்கள்.

கேபிளும் சத்தமும்

பழைய மானிட்டர் போர்ட்டான விஜிஏ மட்டும் உள்ள கணினிக்கு ஹெச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் வாங்கும்போது திசையைச் சொல்லி வாங்குங்கள். ஹெச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் சிறு வயர் தலைகீழாக வேலை செய்யாது. உங்களுக்குத் தேவை விஜிஏயிலிருந்து ஹெச்டிஎம்ஐ. யூஎஸ்பி வயரில் பவர் எடுக்கும், ஒலிக்கு 3.5 மிமீ வயரும் வைத்திருக்கும். விஜிஏவில் ஒலி போகாது.

பாட்டும் பின்னணி இசையும் முழங்குகிறது, வசனம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது என்றால் டிவி ஸ்பீக்கரைக் குறை சொல்லாதீர்கள். கணினி 5.1, அதாவது ஆறு ஸ்பீக்கர் என்று அமைக்கப்பட்டிருக்கும். வசனம் நடு ஸ்பீக்கருக்கான தடத்தில் போகும், உங்களிடம் நடு ஸ்பீக்கரே இல்லை. விண்டோஸில் கான்ஃபிகர் ஸ்பீக்கர்ஸில் ஸ்டீரியோ, கோடி (Kodi) என்ற வீடியோ பிளேயரில் சேனல் எண்ணிக்கை 2.0 என்று மாற்றினால் வசனம் திரும்பி வரும்.

திரையின் ஓரம் வெட்டுப்பட்டு டாஸ்க்பார் பாதி காணாமல் போனால், கணினியில் ரெசல்யூஷனைக் குறைப்பது தவறான வைத்தியம். டிவி ரிமோட்டில் பிக்சர் அளவை ஜஸ்ட் ஸ்கேன், ஸ்கிரீன் ஃபிட், ஃபுல் பிக்சல் என எந்தப் பெயரில் வைத்திருக்கிறார்களோ அதற்கு மாற்றுங்கள். அந்த இன்புட்டுக்கு பிசி என்று பெயர் வைத்தால் பல டிவிகளில் எழுத்தும் கூர்மையாகும்.

வயர்லெஸ் கீபோர்டு சோபாவிலிருந்து தட்டினால் எழுத்து விட்டுவிட்டு வருகிறதா? யூஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் சொருகிய ஹார்ட் டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். கீபோர்டின் குட்டி ரிசீவரை ஒரு மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயரில் போட்டு டிவிக்கு முன்னால் கொண்டுவந்தால் தீர்ந்தது.

ஷோகேஸுக்குள் வைத்துக் கதவை மூடுவது

பார்க்க அழகாக இருக்கும். சித்திரை மாதத்தில் உள்ளே அடுப்பு. பின்பலகையில் காற்று வெளியேற வழி வேண்டும், சுற்றிலும் நான்கு விரற்கடை இடமாவது வேண்டும். லேப்டாப்பாக இருந்தால் மூடியை மூடி அடுக்கி வைக்கும் முன் பேட்டரியைப் பாருங்கள். உப்பியிருந்தால் கழற்றிவிட்டு சார்ஜரில் மட்டும் ஓட்டுங்கள், அதைக் குத்தவோ அமுக்கவோ கூடாது.

இரவும் பகலும் ஆனிலேயே விடுவதும் பரவலான பழக்கம். சும்மா இருக்கும்போதே 60 வாட் தின்னும் டெஸ்க்டாப், 60 நாள் கணக்கில் 86 யூனிட் ஏற்றிவிடும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட்டில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். ஸ்லீப் முறையில் சில வாட்தான் செலவாகும், கீபோர்டைத் தட்டினால் சில நொடியில் எழுந்துவிடும்.

வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்த கணினி கரண்ட் போகும்போதெல்லாம் ரீஸ்டார்ட் ஆனால், இன்வெர்ட்டரின் பின்பக்கம் யூபிஎஸ் முறைக்கு மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அதில் போட்டால் மாறும் நேரம் குறைந்து கணினி தாக்குப்பிடிக்கும்.

பழைய ஹார்ட் டிஸ்க்கையும் பழைய விண்டோஸையும் நம்புவது

குலுங்கி வந்த ஹார்ட் டிஸ்க்கை, டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் ஒருமுறை பாருங்கள். ரீஅலோகேட்டட் செக்டார், பென்டிங் செக்டார் வரிசைகளில் பூஜ்யம் இல்லாமல் எண் ஏறியிருந்தால், அன்றைக்கே போட்டோக்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். சிஆர்சி எரர் மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க்கில் குறையில்லை, சாட்டா வயரை மாற்றினால் போதும். காசு செலவழிக்க உகந்த ஒரே பொருள் 240 ஜிபி எஸ்எஸ்டி. படங்களுக்கு பழைய டிஸ்க், சிஸ்டத்துக்கு எஸ்எஸ்டி.

விண்டோஸ் 7-இல் குரோம் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது, விண்டோஸ் 11 இன்டெல்லில் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே அதிகாரப்பூர்வமாக ஏறாது. இந்த மெஷினில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் மின்ட்டை பென்டிரைவிலிருந்தே ஓட்டி, ஒலி, வைஃபை, வீடியோ மூன்றும் சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகு ஏற்றலாம். கோடி மட்டும் போதும் என்றால், அதை மட்டும் ஓட்டும் சிறு லினக்ஸான லிப்ரெஎலெக் இலகுவானது. ஆனால் அதில் பிரவுசர் கிடையாது, நிறுவும்போது காட்டுகிற டிஸ்க்கை முழுவதுமாக அழித்துவிட்டுத்தான் உட்காரும். கல்யாண வீடியோ இருக்கும் ஹார்ட் டிஸ்க்கின் வயரை அந்த நேரம் மட்டும் பிடுங்கி வைத்திருங்கள்.