டைட்டானியா மேல தங்கம் ஏத்துறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் லேப்ல புதுசா சேர்ந்த தம்பி ஒருத்தர் டைட்டானியா (டைட்டானியம் டை ஆக்சைடு தூள்) மேல தங்கம் ஏத்தின கேட்டலிஸ்ட் (வினைய வேகப்படுத்துற பொருள்) செஞ்சு கொண்டுவந்து, "அண்ணா, கார்பன் மோனாக்சைடு விட்டா கார்பன் டை ஆக்சைடா மாறாம அப்படியே வெளிய வருது, ஒண்ணுமே நடக்கல"ன்னு நின்னார். எத்தனை தடவ கழுவினன்னு கேட்டேன். அவர் முழிச்ச முழியில என் முதல் வருஷம் ஞாபகம் வந்துருச்சு. கையுறை போடு, பீக்கரைக் கழுவுங்குறதெல்லாம் இங்க எழுதல, அது எல்லாருக்கும் தெரியும்.

குளோரைடை விட்டு வைக்கிறது

இன்னைக்கும் இத நினைச்சா எனக்கு எரிச்சல் தான் வரும். பிளாட்டினத்துல பழகின கை நமக்கு, குளோரோபிளாட்டினிக் அமிலத்த அலுமினா மேல ஊத்தி, காயவச்சு, சுட்டு, ஹைட்ரஜன் விட்டா ஓரளவு வேலை செய்யுற சரக்கு வந்துரும், அதே மாதிரி குளோரோஆரிக் அமிலத்த டைட்டானியா மேல ஊத்தி நேரா ஃபர்னஸ்ல வச்சேன். அந்த அமிலத்துல இருந்து வந்த குளோரைடு கூட இருந்தா சூட்டுல தங்கம் ஒரு இடத்துல நிக்காது, நகர்ந்து நகர்ந்து ஒண்ணு சேர்ந்து பெரிய பெரிய துகளாயிரும். நமக்கு வேணுங்குறது 5 நானோமீட்டருக்கும் கீழ. 1987ல ஜப்பான்ல ஹருடா குழு கூட்டு வீழ்படிவு முறையில (தங்கத்தையும் ஆக்சைடையும் கரைசல்ல இருந்து ஒண்ணா படிய வைக்கிறது) செஞ்சு காட்டுற வரைக்கும் தங்கம் இதுக்கு லாயக்கில்லன்னு பலரும் நினைச்சிருந்ததுக்கு, இப்படி ஊத்திச் சுட்ட சரக்கும் ஒரு காரணம்.

கொடுமை என்னன்னா, எனக்கு ஒரு மாசம் தப்பே தெரியல. பிஇடி (தூளோட மொத்தப் பரப்ப அளக்குற சோதனை) பாத்தேன், கிராமுக்கு 50 சதுர மீட்டர், டைட்டானியாவுக்கு என்ன இருந்துச்சோ அதே தான், சந்தோஷப்பட்டேன். அது டைட்டானியாவோட பரப்பு, தங்கத்தோட பரப்பு அதுல எங்க தெரியும்? எக்ஸ்ஆர்டில (எக்ஸ்ரே விட்டு படிகத்த பாக்குற சோதனை) 38 டிகிரி பக்கம் இருந்த பீக்கை அனடேஸ்னு, அதாவது டைட்டானியாவோட படிக வடிவம்னு விட்டுட்டேன், தங்கத்தோட பெரிய பீக்கும் அங்கயே தான் ஒளிஞ்சிருக்கும். 44.4 டிகிரிய பாருங்க, அங்க கூரா ஒண்ணு நின்னா கதை முடிஞ்சது. அந்தக் குளோரோஆரிக் அமிலப் பாட்டில்ல பாதி எடை தங்கம்ங்க, எங்க சார் ரெண்டு நாள் என்கூட பேசல.

கழுவின தண்ணில நைட்ரிக் அமிலம் கொஞ்சம் விட்டுட்டு அப்புறம் சில்வர் நைட்ரேட் விடுங்க, காரமா இருந்தா பழுப்பா வந்து குழப்பும். பால் மாதிரி கலங்கினா குளோரைடு இன்னும் இருக்கு, திரும்பக் கழுவணும். வெதுவெதுப்பான தண்ணி நல்லது.

பிஹெச்ச ஒரு தடவ வச்சிட்டு டீக்குப் போறது

சரியான முறையில தங்கக் கரைசல்ல காரம் சொட்டி பிஹெச்ச ஏத்தி தான் தங்கத்த டைட்டானியா மேல படிய வைப்போம். தங்கத்துல இருந்து குளோரைடு ஒவ்வொண்ணா கழண்டு ஹைட்ராக்சைடு உள்ள போகப் போக பிஹெச் இறங்கிட்டே இருக்கும். 9ல வச்சிட்டு வந்து பாத்தா வேற எண் காட்டும். கீழ இறங்கிட்டா தங்கத்தோடயே குளோரின் ஒட்டிக்கிட்டு டைட்டானியா மேல உக்காந்துரும், அத எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் சுலபமா எடுக்க முடியாது, சில்வர் நைட்ரேட்டும் தெளிவா இருந்து உங்கள ஏமாத்தும். 70, 80 டிகிரில கலக்குற நேரம் பூரா பக்கத்துலயே இருந்து காரம் சொட்டுங்க.

போட்டதெல்லாம் ஒட்டிருச்சுன்னு எழுதுறது

பிஹெச் 9ல பாதி தங்கம் கூட ஒட்டாம கரைசல்லயே போயிரலாம். 1 சதவீதம்னு லேபிள் ஒட்டுறதுக்கு முன்னாடி ஐசிபி (எவ்வளவு தங்கம் இருக்குன்னு அளக்குற சோதனை) எடுங்க.

சிலிக்கால இதே முறை

நடக்காது. அந்த பிஹெச்ல சிலிக்காவும் நெகட்டிவ், தங்கமும் நெகட்டிவ்.

ஸ்டீல் ஸ்பேச்சுலா

பிளாஸ்டிக் எடுங்க.

அமோனியா

குளோரைடு சீக்கிரம் போகும்னு யாராவது சொன்னாலும் தங்கக் கரைசல்ல விடாதீங்க. அதுல வர்ற பொருள் காய்ஞ்சா வெடிக்கும்.

வெளிச்சத்துல காயவைக்கிறது

மஞ்சளா இருந்தது ஜன்னலோரம் ஊதாவா மாறிருச்சுன்னா உங்களுக்கு முன்னாடி வெயில் வேலைய ஆரம்பிச்சிருச்சு. அலுமினியம் ஃபாயில் சுத்தி இருட்டுல வைங்க.

தம்பி முதல்ல இருந்து திரும்ப ஆரம்பிச்சிருக்கார். நேத்து ராத்திரி மெசேஜ்: "அண்ணா, ஏழாவது தடவ, இன்னும் லேசா கலங்குது."