பிஆர்ஐ லைனை மாட்டும்போது செய்யக்கூடாத தவறுகள்

பெங்களூரில் பீன்யா, ஒயிட்ஃபீல்டு பக்கம் அலுவலகங்களுக்கு பிஆர்ஐ லைன் (ஒரே இணைப்பில் பல கால்கள் ஒரே நேரத்தில் போகிற டிஜிட்டல் டெலிபோன் லைன்) மாட்டிக் கொடுக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பச்சை விளக்கு எரிந்ததும் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடாதீர்கள்.

அதிகம் பேர் கோட்டைவிடுவது கிளாக்கில்தான், அதாவது பிட்களை எந்த வேகத்தில் அனுப்புவது என்று சொல்லும் தாளத்தில். எக்ஸ்சேஞ்சிலிருந்து லைனில் வரும் கிளாக்கைத்தான் நம் ரவுட்டரோ பிபிஎக்ஸோ (அலுவலகத்தின் உள் எக்ஸ்சேஞ்ச்) எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் லைன் மாட்டும் கார்டை 'இன்டர்னல்', அதாவது சொந்த கிளாக், என்று விட்டுவிட்டால், பெயருக்கு இரண்டு பக்கமும் நொடிக்கு 20,48,000 பிட்தான், ஆனால் இம்மியளவு வேகம் முன்னேபின்னே இருந்துகொண்டே இருக்கும், கடைசியில் பஃபர் (வரும் பிட்களைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) நிரம்பியோ காலியாகியோ ஒரு ஃபிரேம், அதாவது எல்லாச் சேனலின் பிட்களும் அடங்கிய ஒரு தொகுப்பு, தொலையும், இல்லாவிட்டால் ஒரே ஃபிரேம் இரண்டு தடவை வரும். இதுதான் ஸ்லிப். பேசுகிறவர் காதில் லேசாக 'டிக்' என்று கேட்கும், அவர் கண்டுகொள்ள மாட்டார். ஃபேக்ஸ்தான் பாதிப் பக்கத்தில் அறுந்துபோகும், பழி மெஷின்மேல் விழும். சிஸ்கோவில் 'ஷோ கன்ட்ரோலர்ஸ் ஈ1' அடித்து ஸ்லிப் எண்ணைக் குறித்துக்கொண்டு, பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறியிருந்தால் முதலில் கிளாக்கைச் சந்தேகப்படுங்கள். ஆஸ்டெரிஸ்க் என்கிற பிபிஎக்ஸ் சாஃப்ட்வேரில், கான்ஃபிக்கில் லைனைக் குறிக்கும் ஸ்பான் வரியின் இரண்டாவது எண் 0 என்றால் அந்த லைனிலிருந்து கிளாக் எடுக்காது, 1 போடுங்கள்.

அப்புறம், அமெரிக்க கான்ஃபிக்கை நெட்டிலிருந்து எடுத்து அப்படியே ஒட்டாதீர்கள். அங்கே லைன் வகை டி1, 24 சேனல். நம்மிடம் ஈ1, கம்பியில் பிட்களை அனுப்பும் முறை எச்டிபி3, பேச்சுக்கு 30 சேனல், கால்களை இணைக்கவும் துண்டிக்கவும் வேண்டிய செய்திகள் (சிக்னலிங்) 16-ஆவது டைம்ஸ்லாட்டில். சிஆர்சி4 என்கிற பிழை சோதனை உண்டா இல்லையா என்பதை லைன் கொடுப்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும்.

பத்து சேனல் மட்டும் வாங்கியிருந்தால் கான்ஃபிக்கில் பத்தை மட்டும் போடுங்கள். முப்பதையும் போட்டால், மேலிருந்து கீழாகச் சேனல் தேடுகிற பெட்டி இல்லாத சேனலைப் பிடித்து கால் போடப் பார்க்கும், கால் போகாது.

கேபிளில் ஒன்றே ஒன்று: ஈ1 ஓடுவது 1, 2, 4, 5 பின்களில். லேன் கிராஸ் கேபிள் மாற்றுவது 1, 2-ஐ 3, 6-உடன், அது இங்கே உதவாது.

லைன் ஏறவே இல்லையென்றால், கான்ஃபிக்கை நோண்டுவதற்கு முன் கேபிளின் மறுமுனையில் 1-ஐ 4-உடனும் 2-ஐ 5-உடனும் இணைத்த லூப் பிளக்கைப் போடுங்கள். சிக்னல் இல்லை என்ற அலாரம் போய்விட்டால் கார்டும் கேபிளும் சரி. அதைச் சொல்லியே லைன் கொடுப்பவரிடம் கம்ப்ளெயின்ட் பதியுங்கள்.